செப்பேட்டு முத்திரையும் பூட்டுப் போட்ட பெட்டியும்

அரக்கோணம் போகிற மின்சார ரயிலில் திருவள்ளூரைத் தாண்டினால் சில நிலையங்கள் கழித்துத் திருவாலங்காடு வரும். ஊர்ப் பெயரைச் சொன்னதும் பலருக்கு வடாரண்யேசுவரர் கோயிலும், அங்குள்ள இரத்தின சபையும், தலையால் நடந்து வந்ததாகச் சொல்லப்படும் காரைக்கால் அம்மையாரும்தான் நினைவுக்கு வருவார்கள். வரலாறு படிப்பவர்களுக்கு மட்டும் இன்னொன்று நினைவுக்கு வரும்: திருவாலங்காட்டுச் செப்பேடுகள்.

செல்போன், செட்டாப் பாக்ஸ், ரவுட்டர் போன்ற கருவிகளில் வருகிற 'செக்யூர் பூட்' என்ற பூட்டைப் பற்றிய கட்டுரை இது. அதற்கும் செப்பேட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது. முதலில் செப்பேட்டைப் பார்த்துவிடுவோம்.

1905இல் வெளிச்சத்துக்கு வந்தவை இந்தச் செப்பேடுகள். மொத்தம் 31 ஏடுகள். முன்பகுதி வடமொழி, பின்பகுதி தமிழ். முதலாம் இராசேந்திர சோழன் தன் 6ஆம் ஆட்சியாண்டில், பக்கத்திலிருக்கும் பழையனூரைத் திருவாலங்காட்டு இறைவனுக்குக் கொடுத்த ஆணை அதில் இருக்கிறது. ஆணை எப்படி எழுத்தானது, எந்தெந்த அதிகாரிகள் பார்த்தார்கள், எப்படிப் பதிவேட்டில் ஏறியது என்பதெல்லாம் பெயரும் பதவியுமாக நீளும். 31 ஏடுகளிலும் துளையிட்டு ஒரே வளையத்தில் கோத்திருக்கிறார்கள். வளையத்தின் இரண்டு முனைகளும் சேருகிற இடத்தில் சோழ முத்திரை: புலி, அதனோடு பாண்டியரின் மீன், சேரரின் வில்.

அந்த வளையம் அலங்காரத்துக்காகப் போட்டதல்ல. முத்திரையை உடைக்காமல் ஓர் ஏட்டை உருவவும் முடியாது, புதிதாக ஒன்றைச் செருகவும் முடியாது. நாளைக்கு ஓர் அதிகாரி வந்து "பழையனூர் வரி எங்கே?" என்று கேட்டால், கோயில்காரர்கள் செப்பேட்டை எடுத்துக் காட்டலாம். முத்திரை சரியாக இருந்தால் ஆணையும் சரி. செக்யூர் பூட்டுக்குப் பின்னால் இருக்கிற யோசனையும் ஏறக்குறைய இதேதான்.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் ஒரு செட்டாப் பாக்ஸ் இருக்கும். அது பார்க்கப் பெட்டி, உள்ளே முழுக் கணினி. செயலி உண்டு, நினைவகம் உண்டு, பெரும்பாலும் லினக்ஸோ ஆண்ட்ராய்டோ ஓடிக்கொண்டிருக்கும். ஒரு குறிப்பிட்ட வேலைக்காக இப்படிக் கருவிக்குள் புதைத்து வைத்த கணினிகளைத்தான் எம்பெடட் கருவிகள் என்கிறோம். ரவுட்டர், சிசிடிவி கேமரா, கடையில் கார்டு தேய்க்கிற மெஷின், பைக்கின் மீட்டர் எல்லாம் இந்த ஜாதிதான்.

சுவிட்சைப் போட்டதும், சிப்புக்குள் அழிக்க முடியாதபடி பதித்திருக்கும் ஒரு சின்ன நிரல் முதலில் ஓடும். அது அடுத்த கட்ட நிரலான பூட்லோடரை எடுத்து, அதிலிருக்கும் மின்கையொப்பம் சரியா என்று பார்க்கும். சரிபார்க்கத் தேவையான சாவியின் அடையாளம் தொழிற்சாலையிலேயே சிப்பில் பதிந்திருக்கும். நுண்ணிய ஃபியூஸ்களை எரித்து எழுதுவதால் அதை மாற்ற வழியில்லை. பூட்லோடர் தேறினால் அது கெர்னலைச் சோதிக்கும், கெர்னல் மற்றதைச் சோதிக்கும். இந்தச் சங்கிலியில் எங்காவது கையொப்பம் பொருந்தவில்லை என்றால் கருவி அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

கையொப்பம் போடுகிற இரகசியச் சாவி மட்டும் நிறுவனத்தின் அலமாரியில் இருக்கும். செப்பேட்டுக் கணக்கில் சொன்னால், முத்திரை அச்சு அரண்மனையில், முத்திரை பதிந்த ஏடு உங்கள் வீட்டில்.

இதில் நல்லது எதுவுமே இல்லையா? நிச்சயமாக உண்டு. 2018இல் விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல் 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் ரவுட்டர்களில் புகுந்துவிட்டதாக சிஸ்கோவின் டாலோஸ் குழு அறிவித்தது. அணைத்துப் போட்டாலும் அது போகவில்லை, கருவி துவங்கும்போது அதுவும் கூடவே எழுந்துவிடும். துவக்கத்திலேயே கையொப்பம் பார்க்கிற கருவியில் இந்த வேலை அவ்வளவு சுலபமாக நடக்காது. இந்திய அரசும் இதைப் புரிந்துகொண்டிருக்கிறது. சிசிடிவி கேமராக்களுக்கு 2024 ஏப்ரலில் மின்னணு அமைச்சகம் கொண்டுவந்த பாதுகாப்பு நிபந்தனைகளில், துவங்கும்போது மென்பொருளின் கையொப்பத்தைச் சரிபார்க்க வேண்டும் என்பதும் ஒன்று. 2025 ஏப்ரலில் அவை நடைமுறைக்கு வந்தன. தெருமுனைக் கேமராவில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் ஏற்றலாம் என்றால் அது பாதுகாப்புக் கேமராவே இல்லை.

ஆக, பூட்டே கூடாது என்பவர் யாரும் கிடையாது. சண்டை வேறு இடத்தில் இருக்கிறது.

டிவோ கிளப்பிய சண்டை

1999இல் அமெரிக்காவில் டிவோ என்ற டிவி ரெக்கார்டர் விற்பனைக்கு வந்தது. உள்ளே லினக்ஸ். லினக்ஸின் உரிமம் ஜிபிஎல் பதிப்பு 2. அந்த உரிமப்படி மூல நிரலைக் கேட்பவர்களுக்குத் தர வேண்டும், டிவோ தந்தது. வாங்கியவர்கள் அதைத் திருத்தித் தங்கள் பெட்டியில் ஏற்றிப் பார்த்தார்கள். ஓடவில்லை. திருத்திய நிரலில் டிவோவின் கையொப்பம் இல்லையே! சமையல் குறிப்பைக் கையில் கொடுத்துவிட்டு அடுப்பைப் பூட்டிவைத்த கதை.

கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் ரிச்சர்டு ஸ்டால்மன் இதற்கு டிவோமயமாக்கல் என்று பெயரே வைத்துவிட்டார். 2007 ஜூன் 29இல் வந்த ஜிபிஎல் பதிப்பு 3, வீட்டு உபயோகக் கருவிகளில் இப்படிச் செய்யக்கூடாது, திருத்திய நிரலை ஏற்றத் தேவையான விவரங்களையும் சேர்த்துத் தர வேண்டும் என்றது. லினஸ் டோர்வால்ட்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை. தனக்கு நிரல் திரும்பக் கிடைத்தால் போதும், வன்பொருளை எப்படிச் செய்வது என்பது செய்பவர் பாடு என்பது அவர் கட்சி. லினக்ஸ் கெர்னல் இன்றுவரை பதிப்பு 2இல்தான் இருக்கிறது.

அந்தப் பதிப்பு 3இல் பலர் கவனிக்காத ஒரு விலக்கு உண்டு. வாங்கியவராலும் மாற்ற முடியாது, விற்றவராலும் மாற்ற முடியாது, வேறு யாராலும் முடியாது என்றால் (அழியாத ரோமில் பதித்த நிரல் மாதிரி) அந்த விதி பொருந்தாது. இந்த ஒரு வரியில்தான் முழு விவாதத்துக்கும் திறவுகோல் இருக்கிறது. பூட்டுகளை மூன்றாகப் பிரிக்கலாம்:

யாராலும் திறக்க முடியாத பூட்டு.
உடையவர் திறக்கக்கூடிய பூட்டு.
விற்றவர் மட்டுமே திறக்கக்கூடிய பூட்டு.

முதல் இரண்டிலும் அநியாயம் இல்லை. மூன்றாவதில்தான் பொருளை விற்ற பிறகும் விற்றவர் அதன் எசமானராகத் தொடர்கிறார். உங்கள் வீட்டு வாசலுக்கு நீங்கள் போடாத பூட்டு, சாவியோ பக்கத்து ஊரில்.

முதல் வகை: வாக்குப்பதிவு இயந்திரம்

யாராலும் திறக்க முடியாத பூட்டுக்கு இந்தியாவில் எல்லாருக்கும் தெரிந்த உதாரணம் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம். பெல், ஈசிஐஎல் என்ற இரண்டு பொதுத்துறை நிறுவனங்கள் செய்கின்றன. உள்ளிருக்கும் சிப்பில் நிரலை ஒருமுறைதான் எழுத முடியும், பிறகு செய்தவர்களே நினைத்தாலும் மாற்ற முடியாது என்பது தேர்தல் ஆணையத்தின் வாதம். இங்கே போய் "எனக்கு மாற்றும் சுதந்திரம் வேண்டும்" என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேட்கவும் கூடாது.

ஆனால் இங்கேயும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. மாற்ற முடியாது என்பதை யார் சரிபார்ப்பது? 2024 ஏப்ரல் 26இல் உச்ச நீதிமன்றம், பழையபடி வாக்குச்சீட்டுக்குப் போக வேண்டும் என்ற கோரிக்கையைத் தள்ளுபடி செய்தது. அதே தீர்ப்பில், இரண்டாம் மூன்றாம் இடம் வந்த வேட்பாளர்கள் எழுதிக் கேட்டால், ஒரு சட்டமன்றத் தொகுதிப் பகுதிக்கு 5 சதவீத இயந்திரங்களின் சிப்புகளைத் தயாரிப்பு நிறுவனத்தின் பொறியாளர்கள் சோதிக்க வேண்டும் என்றும் சொன்னது. பூட்டு பலமாக இருந்தாலும் போதாது, பூட்டியிருப்பதை மற்றவர்கள் பார்க்க வழி வேண்டும் என்பதை நீதிமன்றமே ஏற்ற மாதிரிதான் இது.

செப்பேட்டுக்கும் இதே சிக்கல் இருந்தது. திருவாலங்காட்டுச் செப்பேட்டின் ஆணை 6ஆம் ஆட்சியாண்டு. ஆனால் அதே கட்டில் உள்ள வடமொழிப் பகுதி கடார வெற்றியைப் பாடுகிறது. கடாரம் வென்றது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து! அதனால் வடமொழிப் பகுதி பின்னால் இயற்றிச் சேர்க்கப்பட்டது என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். சேர்த்ததும் அரண்மனைதான், அதனால் முத்திரைக்குப் பங்கம் வரவில்லை. முத்திரை அச்சு யார் கையில் இருக்கிறதோ அவர்கள் எப்போது வேண்டுமானாலும் புது ஏடு சேர்க்கலாம். இன்றைய பாஷையில் சொன்னால் அப்டேட் வந்திருக்கிறது!

மடிக்கணினியா, கைக்கணினியா?

தமிழ்நாட்டு மாணவர்களுக்கு இந்த விவாதம் தூரத்து விஷயம் அல்ல. 2011 செப்டம்பர் 15இல் இலவச மடிக்கணினித் திட்டத்தை அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்தது இதே திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில்தான். விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதில் வந்தது. அந்தத் தலைமுறைக் கணினிகளில் செக்யூர் பூட் கிடையாது. பிடித்த லினக்ஸை சிடியிலோ பென் டிரைவிலோ ஏற்றிப் பார்த்து, கெடுத்து, திரும்பப் போட்டு, அப்படியே கணினி கற்றுக்கொண்ட பிள்ளைகள் எத்தனையோ பேர். கெடுத்துப் பார்க்க ஒரு கணினி கிடைப்பது சின்ன விஷயமா?

அடுத்த ஆண்டே நிலைமை மாறியது. 2012இல் வந்த விண்டோஸ் 8க்காக மைக்ரோசாஃப்ட் செக்யூர் பூட்டைக் கட்டாயமாக்கியது. அதிலும் இரண்டு நீதி. சாதாரண கணினிகளில் பயனர் அதை அணைக்கவும் தன் சாவியைச் சேர்க்கவும் வழி இருக்க வேண்டும் என்றது. ஏஆர்எம் சிப் உள்ள கருவிகளில் அணைக்கவே கூடாது என்றது. 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது, அணைக்கும் வசதி தருவது தயாரிப்பாளரின் இஷ்டம் என்று ஆனது. இன்றைக்கும் பெரும்பாலான மடிக்கணினிகளில் அந்த வசதி இருக்கிறது என்பது வேறு விஷயம். அது உரிமையாக இருந்து சலுகையாகிவிட்டது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

லினக்ஸ்காரர்கள் என்ன செய்தார்கள்? 'ஷிம்' என்ற குட்டி நிரலை எழுதி அதற்கு மைக்ரோசாஃப்டிடமே கையொப்பம் வாங்கிக்கொண்டார்கள். உபுண்டு, ஃபெடோரா எல்லாம் செக்யூர் பூட் உள்ள கணினியில் ஓடுவது இப்படித்தான். போட்டியாளரின் முத்திரையோடுதான் வீட்டுக்குள் நுழைய முடிகிறது! அந்த முத்திரைக்கும் ஆயுள் உண்டு. 2011இல் கொடுத்த மைக்ரோசாஃப்ட் சான்றிதழ்களின் காலாவதி ஆண்டு 2026. புதிய சான்றிதழை ஏற்றுவதற்குப் பழைய கணினிகளின் பலகைத் தயாரிப்பாளர்கள் மனது வைக்க வேண்டும்.

தமிழக அரசின் 2025-26 வரவு செலவுத் திட்டத்தில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு விருப்பப்படி கைக்கணினியோ மடிக்கணினியோ தரப்படும் என்று அறிவித்தார்கள். கேட்க இரண்டும் ஒன்று போலத் தோன்றும். விலை, எடை, பேட்டரி என்றுதான் எல்லாரும் ஒப்பிடுவார்கள். ஆனால் மடிக்கணினியில் பயாஸுக்குள் போய்ப் பூட்டை அணைத்து வேறு இயங்குதளம் போட்டுப் பார்க்கலாம். கைக்கணினியில் பூட்லோடரைத் திறக்க அந்தக் கம்பெனி அனுமதித்தால் உண்டு. ஒன்று பட்டறை, இன்னொன்று கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த கருவி. எல்காட் பிறகு ஒப்பந்தப்புள்ளி கோரியது மடிக்கணினிகளுக்குத்தான். நல்லதாய்ப் போயிற்று.

தமிழே கட்டம் கட்டமாக

"இதெல்லாம் கணினிப் பைத்தியங்களுக்கு. சாதாரண ஜனங்களுக்கு என்ன?" என்று கேட்பவர்கள் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

2010 வாக்கில் வந்த பல ஆண்ட்ராய்டு போன்களில் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வரும். எழுத்துருவே உள்ளே இல்லை. ஓப்பரா மினியில் ஓர் ஒளிந்திருக்கும் அமைப்புப் பக்கத்துக்குப் போய், எழுத்துக்களைப் படமாக மாற்றித் தரச் சொல்லி அமைத்தால் தமிழ் தெரியும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட காலம் அது. போன் முழுக்கத் தமிழ் தெரிய வேண்டும் என்றால் போனை 'ரூட்' செய்து எழுத்துருக் கோப்பை மாற்ற வேண்டும். கூகுள் 2011-12இல் வந்த 4.0, 4.1 பதிப்புகளில்தான் இந்திய மொழி எழுத்துருக்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தது. தெலுங்குக்கு 4.1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

திருத்தணி வட்டாரம் 1960இல்தான் ஆந்திராவிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. வீட்டில் தெலுங்கும் பள்ளியில் தமிழுமாக வளர்கிற பிள்ளைகள் இந்தப் பக்கம் நிறைய. அவர்களுக்கு இரண்டு தாய்மொழியும் கட்டம்தான். அப்போது கைகொடுத்தது கம்பெனியா? இல்லை. கருவியைத் திறந்து பார்க்கத் தெரிந்த சிலரும், திறக்க இடம் கொடுத்த கருவிகளும்தான். பூட்டு முழுக்க இறுகியிருந்தால் "உங்கள் மொழி எங்கள் பட்டியலில் இன்னும் வரவில்லை" என்ற பதிலோடு காத்திருக்க வேண்டியதுதான். சின்ன மொழிக்காரர்களுக்கும், பழைய போனை வைத்திருப்பவர்களுக்கும், கண் தெரியாதவர்களுக்கும் இந்தச் சுதந்திரம் ஆடம்பரம் இல்லை. அவர்கள் எப்போதும் கம்பெனியின் பட்டியலில் கடைசியில் இருப்பவர்கள்.

பிணை நிற்பவர் யார்?

பழையனூர் என்றதும் நீலி கதை ஞாபகம் வராமல் போகாது. நீலிக் கண்ணீர் என்று சொல்கிறோமே, அதே நீலி. அவள் தன் மனைவி இல்லை, பேய் என்று வணிகன் அலறுகிறான். ஊர் வேளாளர் எழுபது பேர், "தைரியமாகப் போ, உனக்கு ஏதாவது ஆனால் எங்கள் உயிரைத் தருகிறோம்" என்று வாக்குக் கொடுக்கிறார்கள். வணிகன் செத்துப்போகிறான். எழுபது பேரும் சொன்ன சொல் தவறாமல் தீயில் இறங்குகிறார்கள். கதைதான். ஆனால் பிணை நிற்பது என்றால் என்ன என்று இந்த வட்டாரத்துக்குச் சொல்லித்தந்த கதை.

"எங்களை நம்புங்கள், சாவி எங்களிடமே இருக்கட்டும்" என்கிற கம்பெனியும் ஒரு வகையில் பிணைதான் நிற்கிறது. பிணை பொய்த்தால் என்ன ஆகும்?

தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் 2017இல் டிஜிட்டல் உரிமம் பெற்றுச் செட்டாப் பாக்ஸ்களை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. 2022 நவம்பரில் மாநிலம் முழுக்கப் பல லட்சம் வீடுகளில் திடீரென்று படம் நின்றது. மென்பொருள் வழங்கிய தனியார் நிறுவனத்தோடு ஏற்பட்ட தகராறுதான் காரணம் என்று அரசுத் தரப்பில் சொன்னார்கள். யார் பக்கம் நியாயம் என்பது அவர்கள் வழக்கு. பார்க்கிறவருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பெட்டி வீட்டில் இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது, கேபிள் இருக்கிறது, படம் இல்லை. அரசாங்கமே வாங்கிக் கொடுத்த பெட்டியாக இருந்தாலும், சாவி வெளியே இருந்தால் இதுதான் கதி.

தகராறு எதுவும் இல்லாத நாளிலும் நிலைமை பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு கேபிளிலிருந்து இன்னொரு கேபிளுக்கோ டிஷ்ஷுக்கோ மாறினால் பழைய பெட்டி பரணுக்குப் போகிறது. எந்த நிறுவனத்தின் பெட்டியும் எந்த நிறுவனத்தோடும் வேலை செய்ய வேண்டும் என்று டிராய் 2020 ஏப்ரலிலேயே பரிந்துரைத்தது. சிம்மை மாற்றினால் போன் வேறு நிறுவனத்தில் வேலை செய்கிறதே, அது மாதிரி. பரணில் கிடக்கிற பெட்டிகள் அந்தப் பரிந்துரைக்குச் சாட்சியாகக் கிடக்கின்றன.

கடன் கட்டாவிட்டால் போன் நிற்கும்

மூன்றாவது வகைப் பூட்டு எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சமீபத்திய உதாரணம் தவணையில் வாங்குகிற போன். தவணை தவறினால் தூரத்திலிருந்தே போனை முடக்குகிற செயலியைச் சில கடன் நிறுவனங்கள் போனிலேயே போட்டுக் கொடுத்தன. ரிசர்வ் வங்கி 2024இல் இதை நிறுத்தச் சொன்னதாகவும், கடன் வாங்குபவரின் சம்மதத்தோடு திரும்ப அனுமதிக்க யோசிப்பதாகவும் 2025 செப்டம்பரில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது.

கடன் கொடுத்தவருக்குப் பணம் வர வேண்டும், நியாயம்தான். ஆனால் இன்றைக்குப் போன் என்றால் ரேஷன் ஓடிபி, வங்கிக் கணக்கு, நூறு நாள் வேலைச் சம்பளம் வந்ததா என்று பார்ப்பது, ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ கூப்பிடுவது எல்லாம். அந்தக் காலத்தில் கடனுக்காக வீட்டுக் கதவையே கழற்றிக்கொண்டு போன கதைகளைக் கேட்டிருப்பீர்கள். அப்போதாவது ஆள் நேரில் வர வேண்டும், ஊர் பார்க்கும், நாலு பேர் பேசுவார்கள். இப்போது எங்கோ ஓர் அலுவலகத்தில் ஒரு பொத்தான் போதும். கருவியின் ஆழத்தில் விற்றவரின் சாவி மட்டும் இருக்கும்வரை, அதை யாருக்கு இரவல் கொடுப்பது என்று முடிவு செய்பவரும் விற்றவர்தான்.

எதிர்த்தரப்பு சொல்வதும் பொய் இல்லை

பூட்டைத் திறந்துவிட்டால் திருடனுக்கும் வசதிதானே? திருட்டுப் போனை அழித்து விற்பான், ஏமாற்றுப் பேர்வழி "இதை அமுக்குங்கள், அதை அமுக்குங்கள்" என்று போனில் சொல்லியே பெரியவர்களின் போனைத் திறக்கவைப்பான். வங்கிச் செயலிகள் ரூட் செய்த போனில் ஓட மறுப்பதும் இந்தப் பயத்தில்தான். இந்தப் பயம் உண்மையானது, அதைக் கிண்டல் செய்வதில் பயன் இல்லை.

ஆனால் இதற்கு விடை ஏற்கெனவே கடைகளில் விற்பனைக்கு இருக்கிறது. ஆரம்ப கால குரோம்புக்குகளில் ஃபர்ம்வேரின் காவல் ஒரு திருகாணி. அடிமூடியைக் கழற்றி அந்தத் திருகாணியை எடுத்தால்தான் எழுத முடியும். இணையத்தின் வழியாக வருகிற எந்தத் திருடனிடமும் ஸ்க்ரூடிரைவர் கிடையாது! கூகுளின் பிக்சல் போன்களில் பூட்லோடரைத் திறந்து, வேறு இயங்குதளத்தை ஏற்றி, உங்கள் சொந்தச் சாவியைப் பதித்துத் திரும்பவும் பூட்டிக்கொள்ளலாம். திறக்கும்போது போனில் உள்ள தகவல் எல்லாம் அழிந்துவிடும், அதனால் போனைத் திருடியவனுக்கு உங்கள் படங்களோ வங்கி விவரங்களோ கிடைக்காது. துவங்கும்போது 'இதில் வேறு இயங்குதளம் ஓடுகிறது' என்று திரையில் எச்சரிக்கையும் வரும். பாதுகாப்பு அப்படியே இருக்கிறது, சாவி மட்டும் கைமாறியிருக்கிறது. செய்ய முடியாது என்று சொல்கிற கம்பெனிகள் உண்மையில் சொல்வது செய்ய மனமில்லை என்பதைத்தான்.

இன்னொன்று. எல்லாரும் கருவியைத் திறந்து பார்க்கப் போவதில்லை. எல்லாருமா பைக்கைப் பிரிக்கிறார்கள்? ஆனால் பிரிக்கத் தெரிந்த மெக்கானிக் தெருவுக்கு ஒருவர் இருப்பதால்தான் இருபது வருஷத்து வண்டி இன்னும் ஓடுகிறது. கம்பெனி அப்டேட்டை நிறுத்திவிட்ட போனுக்கும் ரவுட்டருக்கும் அப்படி ஒரு மெக்கானிக் வேண்டும். அவர் கையைக் கட்டிப்போடுகிற பூட்டு, கருவியைத் திறந்தே பார்க்காத கோடிப் பேரையும் சேர்த்துக் கட்டிப்போடுகிறது.

என்ன கேட்கலாம்?

சட்டம் வரும்போது வரட்டும். அதற்கு முன்னால் வாங்குகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. இதன் பூட்லோடரைத் திறக்க முடியுமா? திறந்தால் வாரண்டி என்ன ஆகும்? எத்தனை வருஷத்துக்கு அப்டேட் வரும், அது நின்ற பிறகு சாவியை வாங்கியவரிடம் தருவீர்களா? கடைக்காரருக்குப் பதில் தெரியாமல் இருக்கலாம். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்குத் தெரிந்துவைத்திருப்பார்.

தனி ஆளைவிடப் பெரிய வாடிக்கையாளர் அரசாங்கம். 20 லட்சம் மடிக்கணினி வாங்குகிற எல்காட்டுக்கும், லட்சக்கணக்கில் பெட்டி வாங்குகிற அரசு கேபிளுக்கும் எந்தக் கம்பெனியும் முகத்தைத் திருப்பாது. செயலி வேகம் இவ்வளவு, நினைவகம் இவ்வளவு என்று பக்கம் பக்கமாகப் போடுகிற ஒப்பந்தப்புள்ளியில் ஒரே ஒரு வரி கூடுதலாகச் சேர்த்தால் போதும்: பூட்டின் சாவி கருவியைப் பெறுபவருக்கும் தரப்பட வேண்டும்.

ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் பழையனூரைக் கொடுத்த அரசன் முத்திரையைப் பதித்து ஏட்டைக் கோயிலிடமே கொடுத்துவிட்டான். அந்த முத்திரை காத்தது பெற்றுக்கொண்டவரை. கொடுத்தவரை மட்டும் காக்கிற முத்திரையோடு வரும் பொருளுக்கு முழு விலை கொடுக்கிறோமே, அது விற்பனையா வாடகையா என்று பில்லைப் பார்த்து ஒருமுறை யோசியுங்கள்.